ஆளு இருக்கு

சாமி உடம்பை விட்டு மலையேறியதும் சாமியாடி அனில்குமாருக்கு முதலில் திரும்பி வருவது காது. மேளம் ஓய்ந்திருக்கும், பெண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், யாராவது முகத்தில் தண்ணீரைத் தெளித்தபடி "செரி, செரி, மலையேறியாச்சு" என்பார்கள். இருபது வருஷமாக அப்படித்தான். அந்தப் பங்குனி மாதக் கொடைத் திருவிழாவில், உச்சிப் படையல் நேரத்தில் அவன் கண்ணைத் திறந்தபோது காதில் ஒன்றுமே விழவில்லை. இருநூறு பேர் நிற்கிற கோயில் முற்றத்தில் ஒரு செருமல்கூட இல்லை.

அவன் மனைவி பிந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு நெற்றியில் அப்பியிருந்த மஞ்சணையை, மஞ்சள் குழைவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சாமி என்ன சொல்லிச்சு?" என்று கேட்டான்.

சாமியாடுகிறவனுக்குத் தான் சொன்னது தெரியாது. வேறு யாராவதுதான் சொல்லவேண்டும். வழக்கமாகப் பத்துப் பேர் முண்டியடித்துக்கொண்டு வந்து சொல்லுவார்கள். அன்றைக்கு ஒருவரும் கிட்டே வரவில்லை. பீடத்துக்கு முன்னால் வாழையிலைகளில் சோறும் கோழியும் முட்டையும் குவித்தது குவித்தபடி இருந்தன. சாமி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"வீட்டுல போய்ச் சொல்லுதேன். எழும்புங்க" என்றாள் பிந்து.

அந்தக் கோயில் சாமி ஆலமூட்டு மாடனுக்கு ஒரு பழக்கம் உண்டு. படையலைத் தொடுமுன் தன் பிள்ளைகளை எண்ணிப் பார்த்துவிடுவார். வீட்டுக்கு ஒரு பெரியவர் முன்னால் வந்து சாமியின் கையால் திருநீறு வாங்கவேண்டும். கடைசி வீடும் வாங்கினதும் சாமி, "எம்மக்க எல்லாம் வந்தாச்சா?" என்று கேட்கும். "வந்தாச்சு சாமி" என்று கூட்டம் சொல்லும். அதற்குப் பிறகுதான் சாப்பாடு, அதற்குப் பிறகுதான் மலையேற்றம். திருவட்டாற்றுக்கு மேற்கே இருக்கிற இந்த மாவறவிளையில் அந்த முறை மாறினதாக யாருக்கும் நினைவில்லை.

வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் பிந்து சொன்னாள்.

"நாப்பத்தோரு வீடும் வந்து துணூறு வாங்கியாச்சு. எல்லாம் வந்தாச்சான்னு கேட்டிய. வந்தாச்சு சாமின்னோம். இல்ல, ஏழு தலை கொறையுதுன்னுட்டிய. பொறவு நம்பரா சொல்ல ஆரம்பிச்சிய."

"நம்பரா?"

"நானூத்திப் பதினேழு, நானூத்திப் பதினெட்டு, அப்படியே நானூத்தி இருவத்திமூணு வரைக்கும். ஒவ்வொரு நம்பருக்கும் வாசலைப் பாத்து நின்னிய, யாரோ வாறதுக்குக் காத்து நிக்கது மாதிரி. யாரு வருவா? கடைசீல, எண்ணி முடியலன்னு சொல்லிட்டு விழுந்திய." அவள் குரலைத் தாழ்த்தினாள். "சாமி மலையேறல. நானும் பாத்துட்டுதான் நின்னேன்."

"நம்பரை யாரெல்லாம் கேட்டா?"

"எல்லாரும்தான். ரெண்டு பைக்கு இப்பமே களியக்காவிளைக்குப் போயாச்சு. அங்க பார்டரைத் தாண்டி அந்த நம்பருக்குக் கேரளா லாட்டரி எடுக்க."

அது லாட்டரி நம்பர் இல்லை. அந்த ஊரில் அது என்ன நம்பர் என்று தெரிந்த ஒரே ஆள் அனில்குமார்தான்.

*

அனில்குமார் பந்தல் வாடகைக் கடை வைத்திருந்தான். நாற்காலி, மேஜை, உருளி, அண்டா, ஷாமியானா. எந்த வீட்டில் ஜெபக்கூட்டம், எந்த வீட்டில் கொடை, யார் சாமி கும்பிடச் சுவாமித்தோப்புக்கு நடந்து போகிறார்கள் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அதனாலேயே கட்சி அவனைப் பூத் பொறுப்பாளர் ஆக்கியிருந்தது.

சென்னையில் யார் ஜெயிப்பார்கள் என்று டிவியில் வாய் கிழியப் பேசுகிறவர்களின் கணக்கெல்லாம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கத்தோடு சரி. இந்தப் பக்கம் வேறு கணக்கு. திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த ஜில்லா. கிழக்கே வயல்காரர்கள் ஒரு தினுசு, கடற்கரை ஒரு தினுசு, மேற்கே ரப்பர்க்காரர்கள் இன்னொரு தினுசு. ஓட்டு யாருக்கு என்று எவரும் வாய்விட்டுச் சொல்லவேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கே போகிறார்கள், சுவரில் எந்தக் காலண்டர் தொங்குகிறது என்று பார்த்தால் போதும். ரோடு, குடிதண்ணீர், ஆஸ்பத்திரி எல்லாம் அதற்குப் பிறகுதான். அசிங்கம்தான். ஆனால் அசிங்கம் என்று மேடையில் பேசுகிறவர்களும் வாக்காளர் பட்டியலைக் கையில் எடுத்தால் முதலில் பேனாவைத்தான் தேடுகிறார்கள்.

அனில்குமாரிடம் பச்சைப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று, பென்சில் ஒன்று. பச்சை நம் ஆள். சிவப்பு அவர்கள் ஆள். பென்சில், நம்ப முடியாத ஆளுக்குக் கேள்விக்குறி போட. "கேள்விக்குறி போட்ட வீட்டுக்குள்ள ஏறப்பிடாது. நோட்டீசை வாசலோட குடுத்துட்டு வந்திரணும். அவனைப் பக்கத்துல உக்கார வச்சும் பேசப்பிடாது" என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவன்தான் பாடம் எடுப்பான்.

அந்தப் பட்டியலில் நானூற்றுப் பதினேழு முதல் நானூற்று இருபத்து மூன்று வரை கிழக்கு வீடு. ஏழு பேரும் சிவப்பு. அந்த வீடு அன்னியம் ஒன்றும் இல்லை. அனில்குமாரின் கொள்ளுத்தாத்தாவும் அந்த வீட்டுக் கொள்ளுத்தாத்தாவும் அண்ணன் தம்பி. காலரா வந்த ஒரு வருஷத்தில் தம்பி சர்ச்சுக்குப் போனார், அண்ணன் மாடனோடு நின்றுகொண்டார். சொத்தைப் பிரித்தபோது நடுவிலிருந்த கிணற்றை மட்டும் பிரிக்க முடியவில்லை. இப்போது அந்த வீட்டில் மூத்தவள் விக்டோரியா. அனில்குமாருக்குச் சித்தி முறை. அவளுடைய மகன்கள் தேவகுமாரும் பெனிஷும் பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தைப் பாட்டக் குத்தகைக்கு எடுத்துப் பால் வெட்டுகிறார்கள். சீசனில் வீட்டைப் பூட்டிவிட்டு ஏழு பேரும் அங்கே போய்க் கிடப்பார்கள்.

போன தேர்தலில் அந்தப் பூத்தில் கட்சி ஐந்து ஓட்டில் பின்தங்கியது. இந்தத் தடவை பட்டியல் திருத்தம் வந்தபோது கிழக்கு வீடு பூட்டிக்கிடந்தது. அனில்குமார் பூட்டின கேட்டைப் போட்டோ எடுத்தான். ஏழு பேரும் நிரந்தரமாக இடம் பெயர்ந்துவிட்டார்கள், பெயரை நீக்கவேண்டும் என்று ஏழு படிவம் எழுதிக் கையெழுத்துப் போட்டான். மாசம் முடிந்தால் அவர்கள் திரும்பி வருவார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஒன்றியப் பொறுப்பிலிருந்த ரதீஷ், வயதில் சின்னவன், "அண்ணே, நீங்க கணக்குல புலியாக்கும்" என்று முதுகில் தட்டினான். அன்றிரவு அனில்குமார் நிம்மதியாகத்தான் தூங்கினான். அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

*

கொடை முடிந்த மறுநாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பால் விடாத கட்டன்சாயாவில்கூடக் கற்பூரம் நாறியது. இடது தோளில் யாரோ கை ஊன்றி நிற்பதுபோல ஒரு பாரம். தெருவில் நடந்தால் நாய்கள் குரைக்காமல் எழுந்து ஓரமாகப் போய் நின்றன.

மூன்றாம் நாள் குளித்துவிட்டு வந்தவனிடம் பிந்து அடுக்களையிலிருந்தே, "சலங்கையைக் கழட்டலியா நீங்க?" என்று கேட்டாள். அவன் காலில் ஒன்றும் இல்லை. எட்டிப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்க பெரியப்பாவை மறந்தாச்சா?" என்றாள் பிறகு.

மறக்கவில்லை. பெரியப்பாவும் சாமியாடிதான். ஒரு கொடையில் சாமி மலையேறாமலே வீட்டுக்கு வந்தவர், பதினாறு நாள் ஒரு பருக்கை இறங்காமல் கிடந்து, பதினேழாம் நாள் போய்ச் சேர்ந்தார். என்ன குறை என்று அவருக்குத் தெரியவில்லை. அனில்குமாருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும், கட்சியை நினைத்தால் கிழக்கு வீட்டுப் பக்கம் போகக் கால் எழவில்லை.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்குச் சமூகக் கூடத்தில் பூத் கமிட்டிக் கூட்டம். அறுபது நாற்காலி அவன் கடையிலிருந்துதான் போனது. கூட்டம் நிரம்பி வழிந்தது. சுவர் ஓரமாகப் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். ஆனால் முன்வரிசையில் ஏழு நாற்காலி காலி. நடுவில் விட்டுவிட்டு அல்ல, ஒட்டினாற்போல் ஏழு. ரதீஷ் மைக்கில் பேசிக்கொண்டே அந்த ஏழு நாற்காலிகளைப் பார்த்தும் கையை ஆட்டினான், ஆட்களைப் பார்த்து ஆட்டுவதுபோல.

அனில்குமார் சுவரில் சாய்ந்து நின்ற சுடலையாண்டியிடம் போனான். சுடலையாண்டி வேறு யாரும் இல்லை, ஒவ்வொரு கொடையிலும் அவன் கையால் முதல் திருநீறு வாங்குகிற பெரியவர்.

"அண்ணாச்சி, முன்னால காலியா கெடக்குல்லா. போய் இரியும்."

அவர் முன்வரிசையைப் பார்த்தார். பிறகு இவனை ஒருமாதிரி பார்த்தார். "எங்கடே காலி? ஆளு இருக்குல்லா" என்றார்.

அனில்குமார் வெளியே வந்தான். அங்கிருந்து நேராகக் கிழக்கு வீட்டுக்கு நடந்தான்.

*

விக்டோரியா முற்றத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தான். அவள் ஏறிட்டுப் பார்த்து, "வா மக்கா. இன்னைக்காவது சட்டை போட்டுட்டு வந்தியே" என்றாள்.

"இன்னைக்காவதுன்னா?"

"கொடை அன்னைக்கு வந்தேல்லா? மத்தியானம்?"

"நான் கோயில்லல்லா சித்தி நின்னேன்."

"போலே. கச்சையும் சலங்கையும் கட்டிட்டு இந்தா, இந்தப் படியில வந்து இருந்தே. பசிக்குன்னே. நானும் பயந்துதான் போனேன், இயேசுவேன்னு ஜெபம் சொல்லிட்டு உள்ள போயிச் சோறு கொண்டாந்தேன். எங்க மூத்தார் மவன் பசியோட வந்து இருக்கான், போடாம இருக்க முடியுமா? மரச்சீனிக் கெழங்கும் மீனும்கூட வச்சேன். ஏழு தடவ கேட்டு வாங்கித் தின்னே." அவள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். "மொகம் உன் மொகம்தான். கண்ணு மட்டும் உன் கண்ணு இல்ல."

கோயில் படையல் குவித்தது குவித்தபடி இருந்தது அவனுக்கு நினைவு வந்தது.

"வேற என்ன சொன்னேன்?"

"எங்க போனியன்னு கேட்டே. எங்கயும் போவலியே, இஞ்சதானே இருக்கோம்னேன். அதை அவன்ட்ட சொல்லுன்னே. எவன்ட்டன்னு கேக்கதுக்குள்ள எழும்பி வாழைத்தோப்பு வழியா போயிட்டே."

அவள் படியைக் காட்டினாள். சிமெண்டுப் படியில் மஞ்சணையில் பதிந்த ஒரு கால்தடம். "சோப்புப் போட்டுத் தேய்ச்சாச்சு, போவல" என்றாள். அனில்குமார் செருப்பைக் கழற்றித் தன் காலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். தடம் அவன் காலைவிட நான்கு விரற்கடை பெரிதாக இருந்தது.

அவள் உள்ளே போய் ஒரு காகிதத்தை எடுத்துவந்தாள். கொடை கழிந்து பன்னிரண்டாம் நாள் தாலுகா ஆபீசில் விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ். ஆட்சேபணை கொடுத்தவர் என்ற இடத்தில் அவன் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் அதை அவனிடம் நீட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டு மிளகைக் கிளறினாள்.

"எதுக்கு மக்கா இது?" என்று மட்டும் கேட்டாள்.

அவனுக்கு அழுகை வந்தது. வெட்கக்கேடு, நாற்பத்திரண்டு வயசுக்காரன், அழுதான்.

*

பன்னிரண்டாம் நாள் பிந்து அவனைப் பிடித்துக்கொண்டுதான் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிவந்தாள். ஆள் பாதியாகியிருந்தான். கிழக்கு வீட்டு ஏழு பேரும் ஒரே ஜீப்பில் வந்து வரிசையாக நின்றார்கள். பெனிஷ் அவனைப் பார்த்துப் பல்லைக் கடித்தான். தேவகுமாரின் மனைவி ஷைஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரதீஷ் வாசலில் நின்று கண்ணாலேயே சொல்லிக்கொண்டிருந்தான்: வாயைத் திறந்துவிடாதே.

மேஜைக்குப் பின்னாலிருந்த அதிகாரி அம்மா பட்டியலை எடுத்தார். "நானூத்திப் பதினேழு, விக்டோரியா."

"இருக்கேன்."

அனில்குமாரின் இடது தோள் கனத்தது. பிந்துவுக்கு மட்டும் கேட்கிற அளவில் சலங்கை ஒருமுறை குலுங்கியது. அவள் அவன் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இவங்க ஊரை விட்டுப் போயிட்டாங்கன்னு எழுதினது நீங்கதானே? இவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

ரதீஷ் தொண்டையைச் செருமினான்.

"தெரியும்" என்றான் அனில்குமார். "போவல. போவலன்னு தெரிஞ்சுதான் எழுதினேன். பொய்யாக்கும்."

"பொய் எழுதிக் குடுத்தா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"உங்களுக்கு இவங்க என்ன வேணும்?"

அவன் திரும்பி ஏழு பேரையும் பார்த்தான். கொடை முற்றத்தில் நின்று கூப்பிடுவதுபோல, ஆனால் தன் சொந்தக் குரலில், மூத்தவளிலிருந்து இளையவள் வரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். நம்பர் சொல்லவில்லை. "எல்லாம் எங்க வீட்டு ஆளுங்க" என்றான். ஏழாவது பெயரைச் சொல்லி முடித்ததும் அவனுக்கு ஒரு கொட்டாவி வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தாடை விட்டுப்போகிற மாதிரி நீளமான கொட்டாவி. கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டான். மேஜைமேலிருந்த காகிதங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் படபடத்து வாசல் பக்கம் பறந்தன. மின்விசிறி அப்போது ஓடவில்லை.

"மலையேறியாச்சு" என்றாள் பிந்து, யாரிடமென்றில்லாமல்.

ஏழு பெயரும் பட்டியலில் நின்றன. அவன்மேல் வழக்கு வருமா வராதா என்பதைப் பிறகு சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்கள். சாயங்காலம் அவன் இரண்டு தட்டுச் சோறு தின்றான்.

*

விசாரணை முடிந்த நான்காம் நாள் சமூகக் கூடத்தில் மறுபடி கூட்டம். நாற்காலி வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள், அவனை யாரும் வரச் சொல்லவில்லை. ஆனாலும் பதினைந்து வருஷமாகக் கொடி பிடித்தவன், போனான். வண்டியிலிருந்து அறுபது நாற்காலியையும் அவனே இறக்கிப் போட்டான்.

மேஜைமேல் பட்டியல் விரித்துக்கிடந்தது. போகிறபோக்கில் கண் தன் வீட்டு வரிசைக்குப் போயிற்று. அனில்குமார், பிந்து, அம்மா, தம்பி. நான்கு பெயருக்கும் பக்கத்தில் பென்சிலில் கேள்விக்குறி. அவன் சொல்லிக்கொடுத்தபடியே, வளைவு பெரிதாக, புள்ளி அழுத்தமாகப் போட்டிருந்தார்கள்.

கூட்டம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் இப்போது எல்லா நாற்காலியிலும் ஆள் இருந்தது. உண்மையாகவே ஆள். மூன்றாம் வரிசையில், சுடலையாண்டிக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்று காலி. அனில்குமார் போய் உட்காரக் குனிந்தான். சுடலையாண்டி தோளிலிருந்த துண்டை எடுத்து அந்த நாற்காலியில் போட்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆளு இருக்கு" என்றார்.

அவன் சுவர் ஓரமாகப் போய் நின்றான். கூட்டம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. கடைசிவரை அந்த நாற்காலியில் ஒருவரும் வந்து உட்காரவில்லை.

எல்லோரும் போனபிறகு நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றி அனுப்பினான். அறுபதும் சரியாக இருந்தன. வீட்டுக்கு நடக்கையில் தெருமுக்கில் படுத்திருந்த நாய் எழுந்து வந்து குரைத்தது. இத்தனை நாள் ஒதுங்கிப் போன அதே நாய். தோளில் பாரம் இல்லை, காலில் சத்தம் இல்லை. சாமியும் போய்விட்டது, ஆட்களும் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டான். உச்சி வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. இவ்வளவு தனியாக அவன் ஒருநாளும் நடந்ததில்லை.

கிழக்கு வீட்டைத் தாண்டும்போது முற்றத்திலிருந்து விக்டோரியாவின் குரல் வந்தது.

"ஏலே, வெயில்ல எங்க போறே? சோறு தின்னியா?"

கேட்டது தன்னிடம்தானா என்று அனில்குமார் ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை.

"இல்ல சித்தி" என்றான். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, மஞ்சணைத் தடத்தை மிதிக்காமல் படியேறினான்.